தோழிக்காகக் காட்டுக்குள் போகிறவள்

ஃபேண்டஸி நாவல் என்றதும் வாள், டிராகன், அரியணை, உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் ஓர் அநாதைப் பையன், இவைதான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தப் பையன் கதைகளையும் நான் படித்திருக்கிறேன், ரசித்தும் இருக்கிறேன். ஆனால் சில வருடங்களாக நான் தேடிப் பிடித்துப் படிப்பது வேறு வகை. இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று, அது நட்பாக இருக்கலாம், கோபமாக, கடனாக, பொறாமையாக இருக்கலாம், அதுதான் கதையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ராஜ்ஜியம் கவிழ்வதும் கவிழாததும் அந்த இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைய வேண்டும். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர், "அக்கா, பஸ்ல எப்பவும் ஏதோ படிச்சிட்டே வரீங்களே, எங்களுக்கும் நாலு புக்கு சொல்லுங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்காகவும், அவர்களைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையிலும் இதை எழுதுகிறேன்.

இந்த வகை எனக்கு ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் உறவாவது இரத்தத்தால், இல்லையென்றால் தாலியால். நாத்தனாருக்கு ஒரு முறை இருக்கிறது, ஓரகத்திக்கு ஒரு முறை இருக்கிறது, அத்தைக்குச் சீர் இருக்கிறது. சண்டை போட்டுக்கொள்வதற்கும் திரும்பப் பேசிக்கொள்வதற்கும்கூட ஒரு வழக்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இதில் எதுவும் கிடையாது. அவள் பாலக்கோட்டுக்கும் நான் வேறோர் ஊருக்கும் வாழ்க்கைப்பட்டுவிட்டால், அடுத்து யாராவது ஒருவர் வீட்டு விசேஷத்தில் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அந்த நட்பை முறித்தது யாருமில்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கதைகளும் பெரிதாக உதவவில்லை. சங்க அகப்பாடல்களில் தோழிக்கு எவ்வளவு பேச்சு! தலைவிக்காகத் தலைவனை மடக்குகிறாள், செவிலியிடம் சமாளிக்கிறாள், சீக்கிரம் மணந்துகொள் என்று நெருக்குகிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவள் பேசுவதெல்லாம் தலைவியின் காதலைப் பற்றித்தான். அவளுக்கு என்ன ஆசை, தலைவி ஊரைவிட்டுப் போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று நான் படித்த எந்தப் பாட்டும் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கதைப் பக்கம் போனால் நல்லதங்காள். பசித்த பிள்ளைகளோடு வந்தவளை விரட்டிய மூளி அலங்காரி. அண்ணியும் நாத்தனாரும் என்றால் அது பாழுங்கிணற்றில்தான் போய் முடியும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். இப்போது அதையே தினமும் சாயங்காலம் தொலைக்காட்சி சொல்கிறது.

ஃபேண்டஸி எழுதுகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது. உலகத்தையே அவர் புதிதாகக் கட்டுகிறார். அதனால் ஒரு தோழிக்காகத் தோழி எடுக்கும் முடிவுக்கு ஓர் அரசனின் படையெடுப்புக்கு உள்ள கனத்தைக் கொடுக்க முடியும். எல்லோரும் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நவோமி நோவிக் எழுதிய 'அப்ரூட்டட்' (2015) அப்படிப்பட்டது. ஒரு பள்ளத்தாக்கு. அதை ஒட்டி ஒரு கெட்ட காடு. மனிதர்களை விழுங்கும், விழுங்கியவர்களை உள்ளுக்குள் மாற்றித் திருப்பி அனுப்பும். பள்ளத்தாக்கைக் காக்கும் மந்திரவாதி பத்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெண்ணைக் கோபுரத்துக்கு அழைத்துப் போவான். இந்த முறை காஸ்யாவைத்தான் எடுப்பான் என்று ஊர் முழுக்க முடிவு கட்டிவிட்டது, ஏனென்றால் அவள்தான் அழகி, தைரியசாலி. காஸ்யாவின் அம்மாவே அதற்காகத்தான் அவளை வளர்க்கிறாள். ஆனால் அவன் எடுப்பது அவளுடைய தோழியை, எப்போதும் பாவாடையில் சேறு அப்பிக்கொண்டு திரியும் அக்னியெஷ்காவை. அப்புறம் ஒரு நாள் காஸ்யாவைக் காடு பிடித்துக்கொள்கிறது. இனி அவளை மறந்துவிட வேண்டும் என்பது அந்த ஊரின் நியதி. அக்னியெஷ்கா அதை ஏற்காமல் காட்டுக்குள் போகிறாள்.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு வரும் ஓர் இடம். காஸ்யாவின் உடம்பிலிருந்து காட்டை வெளியேற்ற, உண்மையை மட்டுமே காட்டும் ஒரு மந்திரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் இரண்டு தோழிகளும் ஒருத்தி மனதில் மறைத்து வைத்திருந்ததை மற்றொருத்தி பார்த்துவிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்தே தன்னைப் பலிகொடுக்க வளர்க்கிறார்கள், இவளுக்கு மட்டும் அந்தப் பயமில்லையே என்று காஸ்யா உள்ளுக்குள் வெறுத்திருக்கிறாள். எடுக்கப்படப்போவது நானில்லை, அவள்தான் என்று அக்னியெஷ்கா உள்ளுக்குள் நிம்மதிப்பட்டிருக்கிறாள். இரண்டுமே உண்மை. இரண்டையும் பார்த்த பிறகும் அவர்கள் கையை விடவில்லை. நட்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதிய பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாவலில் அந்த மந்திரவாதியோடு ஒரு காதலும் வருகிறது. அவன் அவளை முட்டாள் என்று திட்டிக்கொண்டே இருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அதைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். காஸ்யாவுக்காகப் படியுங்கள்.

இதே ஆசிரியரின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018) இதைவிடப் பெரிய நாவல். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். அதற்கு ஓர் உள்ளூர்க் காரணமும் இருக்கிறது.

கதை கடனில் தொடங்குகிறது. மிர்யெமின் அப்பா வட்டிக்கு விடுகிறவர், ஆனால் வசூல் செய்யத் தெரியாதவர். யூதக் குடும்பம் என்பதால் ஊர் அவர்களை இளக்காரமாகப் பார்க்கிறது. அவர்களிடம் வாங்கிய பணத்தில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறது. பனிக்காலத்தில் அம்மா நோயில் விழுகிறாள். வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. மிர்யெம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பணத்தைக் கேட்கிறாள். நல்ல பெண் என்ற பெயர் அன்றோடு போகிறது. கோரெக் என்ற குடிகாரன் திருப்பித் தர முடியாததால், கடனுக்கு ஈடாக அவன் மகள் வாண்டா மிர்யெம் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். வாண்டாவுக்கு இது தண்டனை இல்லை, சந்தோஷம். கடன் இருக்கும்வரை அப்பா அவளை எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிட முடியாது. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. அப்புறம் அங்கே அவள் எண்களைக் கற்றுக்கொள்கிறாள். தாளில் கீறிய கோடுகள் இத்தனை கோழி, இத்தனை காசு என்று பேசுவதை அவள் மந்திரம் என்றே நம்புகிறாள்.

வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று மிர்யெம் சொன்னது பனி தேசத்து அரசனின் காதில் விழுந்து, அதிலிருந்துதான் நாவலின் மாய உலகம் திறக்கிறது. ஆனால் என் கணக்கில் முதல் மந்திரம் வாண்டா அந்த நோட்டைப் படித்ததுதான்.

இந்த இடத்தில் நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. 2004இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அதனால் எங்கள் ஊர்களும் அந்தத் தொடக்கத்தில் சேர்த்தி. எங்கள் தெருக் குழுவுக்கு அம்மா ஊக்குநர். கோயில் திண்ணையில் கூட்டம் நடக்கும். சேமிப்புப் பணம், உள்கடன், யார் எவ்வளவு கட்டினார்கள், எல்லாம் நோட்டில் ஏறும். தீர்மான நோட்டில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அக்காக்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துக்கு மாறியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தன் பெயரை முதன்முதலாக எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கந்துவட்டிக்காரனிடம் போவதை நிறுத்திய வீடுகள் உண்டு. கடன் வாங்கியவள் தவணையைக் கட்டாமல் விட்டு, மற்ற பெண்கள் அவள் வாசலில் போய் நின்று, அதிலேயே பல வருடப் பேச்சுவார்த்தை முறிந்த வீடுகளும் உண்டு. கடன் பெண்களைச் சேர்க்கவும் செய்தது, பிரிக்கவும் செய்தது.

'ஸ்பின்னிங் சில்வர்' இதை அப்படியே தெரிந்து எழுதியிருக்கிறது. மிர்யெமும் வாண்டாவும் தோழிகளாகத் தொடங்கவில்லை. ஒருத்தி கொடுத்தவள், ஒருத்தி கட்ட வேண்டியவள். மிர்யெம் இரக்கப்பட்டு அவளைக் கூப்பிடவில்லை, வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. இந்த வறண்ட தொடக்கத்திலிருந்து, ஒரு தட்டுச் சாப்பாடு, ஒழுங்காகக் கொடுத்த கூலி, ஒரு நாள் சொன்ன உண்மை என்று சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஒருத்திக்காக ஒருத்தி உயிரைக் கொடுக்கத் துணியும் இடத்துக்கு நோவிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூன்றாவதாக இரினா வருகிறாள்; பிரபுவின் மகள், யாரும் திரும்பிப் பார்க்காதவள், பேய் பிடித்த மன்னனுக்கு மனைவியாகிறவள். அவளுக்குத் தாயாக இருப்பது பெற்றவள் இல்லை, அவளை வளர்த்த வயதான தாதி மக்ரெட்டா. குளிர் பிடித்த அறையில் உட்கார்ந்து அந்தக் கிழவி அவளுக்குத் தலைவாரிவிடும் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.

ஒரு சிரமம் சொல்ல வேண்டும். ஆளாளுக்கு 'நான்' என்று பேசுகிறார்கள், யார் பேசுகிறார்கள் என்று மேலே பெயர் போட்டிருக்காது. நாலு வரி பொறுத்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். வாண்டா சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள், மிர்யெம் பேச்சில் கணக்கு இருக்கும். பனியரசனோடு மிர்யெமின் உறவு போகும் திசையில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் பயமாக இருக்கிறது என்பவர்கள் நி வோ எழுதிய 'தி எம்ப்ரஸ் ஆஃப் சால்ட் அண்ட் ஃபார்ச்சூன்' (2020) எடுங்கள். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஃபேண்டஸி, அறிவியல் புனைகதைகளுக்குத் தரும் ஹியூகோ விருது, குறுநாவல் பிரிவில், 2021இல் இதற்குத்தான் கிடைத்தது. வடக்கிலிருந்து அரசியல் கல்யாணத்துக்காக அனுப்பப்பட்ட இளவரசி இன்-யோ. அவளுடைய பணிப்பெண்ணின் பெயர் முயல்; ஐந்து கூடைச் சாயம் குறைந்ததற்காக அரண்மனைக்குத் தள்ளிவிடப்பட்டவள். கதை நடந்து முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, கிழவியாகிவிட்ட முயல், வரலாறு சேகரிக்க வந்த ஒரு துறவியிடம் வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பேசுகிறாள். ஒரு கிண்ணம், ஒரு விளையாட்டுப் பலகை, ஓர் உடை. போர் நடந்தது, ஆட்சி மாறியது, ஆனால் நம் கண்ணில் படுவதெல்லாம் அடுக்களைச் சாமானும் பெட்டிக்குள் மடித்து வைத்த துணியும்தான். அவற்றை வைத்துக்கொண்டே ஒரு சாம்ராஜ்யம் எப்படிக் கவிழ்ந்தது என்று நமக்குப் புரிய வைக்கிறாள்.

முயல் மகாராணிக்கு என்னவெல்லாம் கொடுத்தாள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும், அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் படித்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. இன்-யோ அவளை நேசித்தாள், சந்தேகமில்லை. அப்படி நேசித்தவளிடமிருந்துதான் அவ்வளவையும் எடுத்துக்கொண்டாள். எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் நடுவில் இருப்பதை நட்பு என்று சொல்லலாமா? நி வோ பதில் சொல்வதில்லை. அந்தக் கிழவி மட்டும் துறவியிடம் திரும்பத் திரும்ப, புரிகிறதா என்று கேட்கிறாள்.

இனி அர்சுலா லெ குவின். அவர் எழுதிய எர்த்ஸீ நாவல் வரிசையில் முதலாவது 1968இல் வந்தது. அது மந்திரவாதியாகும் ஒரு பையனின் கதை. நல்ல நாவல்தான், ஆனால் நீங்கள் இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' (1971) அது. டெனார் என்ற ஐந்து வயதுச் சிறுமியை, செத்துப்போன பெரிய பூசாரிணியின் மறுபிறவி என்று சொல்லி வீட்டிலிருந்து எடுத்து வந்து, பெயரையே பிடுங்கிக்கொண்டு, பாலைவனத்தில் இருக்கும் கல்லறைக் கோயிலில் வளர்க்கிறார்கள். அங்கே பெண்களும் ஆண்மை நீக்கப்பட்ட காவலர்களும் மட்டும்தான். பெண்கள் மட்டும் இருந்தால் அங்கே அன்பு தானாக வந்துவிடும் என்று லெ குவின் பொய் சொல்லவில்லை. கோஸில் என்ற மூத்த பூசாரிணி அதிகாரத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவள். பெந்தே என்ற சிறுமிதான் ஒரே ஆறுதல். ஆப்பிளைக் கடித்துக்கொண்டே, எனக்கு இந்தச் சாமியிடம் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவாள். டெனாருக்கு அந்தப் பேச்சில் தரையே நழுவுகிறது. புத்தகத்தில் நடக்கும் பெரிய மாற்றத்துக்கு எல்லோரும் இருட்டில் வரும் மந்திரவாதியைக் காரணம் சொல்வார்கள். நான் பெந்தேயைச் சொல்வேன்.

மூன்றாவது நாவலுக்குப் பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் 'டெஹானு' எழுதினார். (எர்த்ஸீயின் மூன்றாவது நாவல் 1972இல் வந்திருந்தது.) டெனார் இப்போது நடுவயது விதவை. விவசாயி ஒருவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று வளர்த்து முடித்தவள். தோழி லார்க் வந்து கூப்பிடுகிறாள்: நாடோடிகள் விட்டுப்போன நெருப்பில் ஒரு பெண் குழந்தை கிடக்கிறது. பெற்றவர்களே அடித்து, நெருப்பில் தள்ளிவிட்டுப் போன குழந்தை. முகத்தில் ஒரு பக்கம் முழுக்க வெந்துவிட்டது, ஒரு கையும் போய்விட்டது. டெனார் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துக்கொள்கிறாள். தெர்ரு என்று பெயர் வைக்கிறாள்.

நம் மாவட்டத்தில் இந்த நாவலைச் சும்மா படித்துவிட முடியாது. பெண் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகள் இங்கே இருந்தன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்தப்பட்டது அதனால்தான். அந்த விஷயத்தை எங்கள் வீடுகளில் இன்றைக்கும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். லெ குவின் அதற்குப் பிறகு நடப்பதை எழுதுகிறார். பிழைத்துவிட்ட குழந்தையை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை. நல்லவர்கள்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்றால் அந்தக் குழந்தையிடமே ஏதோ இருக்கும் என்று பயப்படுகிறார்கள். டெனாருக்கு இதில் மந்திரம் எதுவும் கைகொடுக்கவில்லை. சமைக்கிறாள், நூல் நூற்கிறாள், கதை சொல்கிறாள், இரவில் குழந்தை பயந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.

அந்த மலைக்கிராமத்துச் சூனியக்காரி, அத்தை மாஸ், எனக்கு இந்த வகை நாவல்களிலேயே மிகப் பிடித்த பாத்திரம். குளிக்காதவள், தலையெல்லாம் சிக்கு, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பழைய சொல். அவளும் டெனாரும் உட்கார்ந்து, ஆணின் சக்தி என்ன, பெண்ணின் சக்தி என்ன என்று பேசுகிறார்கள். டெனார் அவள் சொல்வதை எல்லாம் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் பேச்சை நிறுத்துவதும் இல்லை. படிக்காத கிழவியும், உலகம் பார்த்த விதவையும், நெருப்பில் வெந்த குழந்தையும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிறார்கள். இரத்தம் இல்லை, தாலி இல்லை. கடலுக்குப் போயிருந்த டெனாரின் சொந்த மகன் திரும்பி வருகிறான். சாப்பிட்ட தட்டை எடுத்து வை என்றால், அது பெண்கள் வேலை என்கிறான். அந்த ஒரு தட்டுக்கு லெ குவின் கொடுக்கும் கனத்தைப் பாருங்கள். போர்க்களக் காட்சி எழுதுகிறவர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

முன்னெச்சரிக்கை: குழந்தைக்கு நடந்த கொடுமை வெளிப்படையாக விவரிக்கப்படவில்லை என்றாலும் புத்தகம் முழுக்க அதன் பாரம் இருக்கிறது. மனம் தயாராக இருக்கும்போது எடுங்கள்.

மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்கிறேன்.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) இந்தியப் பின்னணியில் கற்பனை செய்த ஒரு பேரரசில் நடக்கிறது. தீயில் இறங்க மறுத்ததற்காக இளவரசி மாலினியை அவள் அண்ணனான பேரரசனே பாழடைந்த கோயிலில் அடைத்து வைக்கிறான். அவளுக்கு வேலை செய்ய வரும் பிரியாவிடம் அந்தக் கோயிலின் பழைய சக்தி இருக்கிறது. இருவருக்கும் நடுவில் காதல் வருகிறது, அதற்குச் சமமாக அவநம்பிக்கையும் வருகிறது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில், கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு வைத்த சதிக்கற்களும் உண்டு. வீரனுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி நிற்கும் பெண் இறங்கமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த நாவல் அங்கேதான் தொடங்குகிறது. தொடர்ச்சியாக இன்னும் இரண்டு பாகங்கள் உண்டு. முதல் பாகத்தில் கர்ப்பிணியாக வரும் பூமிகாவைத்தான் நான் அதிகம் கவனித்தேன்.

வைஷ்ணவி படேலின் 'கைகேயி' (2022): மனிதர்களுக்கு நடுவில் உள்ள உறவுகள் அவள் கண்ணுக்கு நூல்களாகத் தெரியும், இழுக்கலாம், முறிக்கலாம். மந்தரை இதில் கூனி இல்லை, அம்மா இல்லாத பெண்ணை வளர்த்தவள். கோசலையும் கைகேயியும் சுமித்திரையும் சக்களத்திச் சண்டையைத் தாண்டி, ஊர்ப் பெண்களின் வழக்கைக் கேட்கும் ஒரு சபையை நடத்துகிறார்கள். ராமனை இந்த நாவல் காட்டும் விதம் பக்தர்களுக்கு வலிக்கும். என் மாமியாரிடம் கதையை மட்டும் சொன்னேன், மூன்று அரசிகள் வரும் பகுதி வரை ஆசையாகக் கேட்டார், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

என். கே. ஜெமிசினின் 'தி ஃபிப்த் சீசன்' (2015) நாவலில் தொடங்கும் வரிசை அம்மா-மகள் கதை, ஆனால் இதமான கதை இல்லை. பூமியை அசைக்கும் சக்தியோடு பிறந்தவர்களை அடிமைகளாக வைத்திருக்கும் உலகம். மகள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அம்மா அவளிடம் கொடூரமாக நடக்கிறாள். தனக்குச் செய்யப்பட்டதை அவளுக்கும் செய்கிறாள். அடக்கி வளர்த்தால்தான் பெண் பிழைப்பாள் என்று நம்பும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எங்கே தொடும் என்று தெரியும். இந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ வாங்கின. ஆங்கிலத்தில் ஓரளவு படித்துப் பழகிய பிறகு எடுங்கள்.

டெரி பிராட்செட்டின் 'விட்ச்சஸ் அப்ராட்' (1991) மூன்று சூனியக்காரிகளின் பயணம். ஒரு பெண் இளவரசனைக் கட்டிக்கொள்வதைத் தடுக்கப் போகிறார்கள்! கிரானி வெதர்வாக்ஸ், நானி ஆக் என்ற இரண்டு கிழவிகள் காலமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி விட்டுப் பிரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு வயது ஏற ஏறத்தான் தெரிகிறது. கதையில் எதிரியாக வருபவள் கிரானியின் சொந்த அக்கா. சிரிக்கச் சிரிக்கப் போகும் புத்தகம் அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தில் சட்டென்று இறுகிவிடும்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நான் முதலில் சொல்வது மணிமேகலை. இது நாவல் இல்லை, காப்பியம்தான், உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தது. ஆனால் பறக்கும் தெய்வம், முற்பிறவி தெரியும் தீவு, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி, உருவம் மாற்றும் மந்திரம் என்று ஒரு ஃபேண்டஸிக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. அதைவிட முக்கியம், கதையை நகர்த்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மகளைத் துறவில் விடும் மாதவி, பேத்தியை எப்படியாவது நாட்டியத்துக்குத் திருப்பிவிடத் துடிக்கும் சித்திராபதி, கூடவே நிற்கும் சுதமதி, தீவில் காத்திருக்கும் தீவதிலகை. இளவரசன் உதயகுமரன் நடுவிலேயே வெட்டுப்பட்டுச் சாகிறான். அதற்குப் பிறகு அவன் அம்மா, அரசி, மணிமேகலையைச் சிறையில் வைத்துத் துன்புறுத்துவதும் கடைசியில் அவள் காலில் வந்து நிற்பதும் தனிக்கதை.

அமுதசுரபியின் முதல் பிச்சையை யார் இடுகிறார்கள் என்று பாருங்கள். தீராப் பசியால் தவிக்கும் காயசண்டிகை, ஆதிரையிடம் போ என்று வழி சொல்கிறாள். ஆதிரை யார்? கணவன் சாதுவன் அவளை விட்டுவிட்டு ஒரு கணிகையிடம் போய்ப் பொருளையெல்லாம் இழந்தவன். அந்த மனைவியின் வாசலில் பாத்திரத்தோடு போய் நிற்பது ஒரு கணிகையின் மகள். ஆதிரை கதவைச் சாத்தியிருக்கலாம், ஊரில் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவளோ, "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக" என்று சொல்லிச் சோறு இடுகிறாள். முதல் கவளத்தில் காயசண்டிகையின் பசி தீர்கிறது. சாத்தனார் இந்த மூன்று பெண்களை ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு ஈடாக ஆங்கிலத்தில் நான் படித்த எதையும் சொல்ல முடியாது. மூலம் கடினமாக இருந்தால் உரைநடைச் சுருக்கங்கள் கிடைக்கின்றன. கிடைத்ததைப் படியுங்கள், ஆனால் ஆதிரை பிச்சையிட்ட காதையை மட்டும் உரையோடு மூலத்திலேயே படித்துவிடுங்கள்.

இன்றைய தமிழில் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016). பூதம் மாதிரி ஓர் ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போன கருப்புக் குட்டியை ஒரு கிழவி வளர்க்கிறாள். வீட்டில் இருந்த ஆடு அதற்குப் பால் கொடுக்கவில்லை, கிழவி எப்படியோ பிழைக்க வைக்கிறாள். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் அதிசயம், ஆட்டுக்கும் காது குத்திக் கணக்கெடுக்கும் அரசாங்கம், அப்புறம் பஞ்சம். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். கிழவிக்கும் அந்தப் பெட்டைக் குட்டிக்கும் நடுவில் இருப்பதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இரண்டு தோழிகளை நடுவில் வைத்த ஒரு பெரிய ஃபேண்டஸி நாவல் தமிழில் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதற்கான மண் இது. எங்கள் ஏரிக்கரைகளில் ஏழு கன்னிமார் கல்லாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு சகோதரிகள், தண்ணீருக்குக் காவல். ஏரி வற்றிய வருடத்தில் அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்வார்கள், ஏழு பேரில் யார் யாரோடு பேசமாட்டாள் என்று யாராவது எழுதினால் முதல் பிரதியை வாங்க நான் தயார்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? விடுதியில் இருப்பவர்கள், ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள், நி வோவின் சின்னப் புத்தகத்தில் தொடங்குங்கள். போனிலேயே மின்னூலாகப் படிக்கலாம், தெரியாத சொல்லைத் தொட்டால் பொருள் வந்துவிடும். பள்ளிக்கூடத் தோழியை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு 'அப்ரூட்டட்'. குழுவில் நோட்டு எழுதுகிற அக்காக்களின் மகள்களுக்கு, வேலைக்குப் போய் முதல் சம்பளத்தை வீட்டில் கொடுத்த பெண்களுக்கு 'ஸ்பின்னிங் சில்வர்'. முடிந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து படியுங்கள், ஒருத்தி மிர்யெம் பக்கம், ஒருத்தி வாண்டா பக்கம் நின்று சண்டை போட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆங்கிலமே வேண்டாம் என்பவர்களுக்குப் பூனாச்சி, அப்புறம் மணிமேகலை. 'டெஹானு'வை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலிலேயே எடுக்கலாம், முந்தைய நாவல்களைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.